அறுபத்து நான்கு கட்டமும் ஒரு மணி அரிசியும்



இன்றைய பேச்சு ஓர் எண்ணைப் பற்றியது. மிகப் பெரிய எண். அதற்கு இருபது இலக்கங்கள். அதைத் தெரிந்துகொள்ள பெரிய படிப்பு தேவையில்லை. கூட்டவும் இரண்டால் பெருக்கவும் தெரிந்தால் போதும். அந்த எண்ணின் குணம் தெரிந்துவிட்டால், கடன்காரரிடமும் ஆசை காட்டும் ஏமாற்றுக்காரரிடமும் விழிப்பாக இருக்கலாம். அதனால்தான் இந்தப் பேச்சு.

படிக்கு ஒரு பிடி கணக்கு

திருப்பதியில் இருப்பவர்களுக்கு அலிபிரி தெரியாமல் இருக்காது. அங்கிருந்துதான் மலைக்கு நடைபாதை தொடங்குகிறது. மேலே போய்ச் சேர 3,550 படிகள் என்று கணக்குச் சொல்வார்கள். மஞ்சள், குங்குமம் இட்டுக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள்.

மஞ்சளுக்குப் பதிலாக அரிசி வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் படியில் ஒரு மணி அரிசி. இரண்டாம் படியில் இரண்டு மணி. மூன்றாம் படியில் மூன்று மணி. படிக்கு ஒன்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். 3,550ஆம் படியில் 3,550 மணி வைக்க வேண்டும். எல்லாப் படிகளிலும் வைத்த அரிசி மொத்தம் எவ்வளவு?

63,03,025 மணி. பெரிய எண்தான். ஆனால் எடை போட்டுப் பாருங்கள். ஒரு கிலோவில் சுமார் 50,000 மணி அரிசி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் மலை உச்சி வரை வைத்த அரிசி சுமார் 126 கிலோ. இரண்டு மூட்டைக்குள் அடங்கிவிடும்.

இப்போது கணக்கைக் கொஞ்சம் மாற்றுவோம். முதல் படியில் ஒரு மணி. இரண்டாம் படியில் இரண்டு. மூன்றாம் படியில் நான்கு. நான்காம் படியில் எட்டு. அதாவது, முந்தைய படியில் வைத்ததைப் போல இரண்டு மடங்கு வைக்க வேண்டும்.

இந்த முறையில் மலை உச்சி வரை போக வேண்டியதே இல்லை. 23ஆம் படியிலேயே மொத்தம் 83,88,607 மணி ஆகிவிடும். முதல் கணக்கில் 3,550 படிகளுக்கு ஆன அரிசியை, இரண்டாம் கணக்கு 23 படிகளில் தாண்டிவிட்டது.

ஒன்று கூட்டுவது வேறு. இரண்டு மடங்காக்குவது வேறு. இதுதான் முதலில் மனத்தில் பதிய வேண்டிய பாடம்.

அம்பலப்புழை பால் பாயசம்

கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்தில் அம்பலப்புழை என்று ஓர் ஊர். அங்கே கிருஷ்ணன் கோயில் இருக்கிறது. அந்தக் கோயிலின் பால் பாயசம் பெயர் பெற்றது. அந்தப் பாயசம் வந்த விதம் பற்றி ஒரு கதை சொல்வார்கள்.

செம்பகசேரி அரசனுக்குச் சதுரங்க ஆட்டத்தில் ஆசை அதிகம். ஒரு நாள் ஒரு முனிவர் வந்தார். ஆடலாமா என்று கேட்டார். பந்தயம் என்ன என்று அரசன் கேட்டான். “நான் வென்றால் கொஞ்சம் அரிசி கொடுத்தால் போதும். சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு மணி. அடுத்த கட்டத்துக்கு இரண்டு. அதற்கு அடுத்ததற்கு நான்கு. இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு மடங்கு” என்றார் முனிவர்.

அரசனுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா என்று ஒப்புக்கொண்டான். ஆடினான். தோற்றான். அரிசி கொண்டுவரச் சொன்னான்.

சதுரங்கப் பலகையில் வரிசைக்கு எட்டுக் கட்டம். எட்டு வரிசை. ஆக 64 கட்டம். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் மொத்த அரிசி எவ்வளவு என்று பாருங்கள்.

முதல் வரிசை முடிந்தது. 255 மணி. ஒரு கைப்பிடி கூட இல்லை.

இரண்டாம் வரிசை முடிந்தது. 65,535 மணி. சுமார் 1 கிலோ 300 கிராம். ஒரு குடும்பம் ஒரு நாள் சமைக்கலாம்.

மூன்றாம் வரிசை முடிந்தது. சுமார் 335 கிலோ. ஒரு மாட்டு வண்டியில் ஏற்றலாம்.

நான்காம் வரிசை முடிந்தது. சுமார் 86 டன். பத்து டன் ஏற்றும் லாரி ஒன்பது வேண்டும். பாதிப் பலகைதான் ஆகியிருக்கிறது.

ஐந்தாம் வரிசை முடிந்தது. சுமார் 22,000 டன். லாரிகள் 2,200 வேண்டும்.

ஆறாம் வரிசை முடிந்தது. சுமார் 56 லட்சம் டன்.

ஏழாம் வரிசை முடிந்தது. சுமார் 144 கோடி டன். இன்று உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் விளையும் அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று அதிகம். ஏழாம் வரிசைக்கே அதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் வேண்டும்.

எட்டாம் வரிசை முடிந்தால் சுமார் 36,900 கோடி டன். உலகத்தார் யாரும் ஒரு பருக்கை உண்ணாமல் ஏறத்தாழ 700 ஆண்டு சேர்த்து வைத்தால்தான் அவ்வளவு அரிசி கிடைக்கும்.

அரசனின் களஞ்சியம் காலியானது. அவன் கை கூப்பி நின்றான். முனிவராக வந்தவர் கிருஷ்ணன். “மொத்தமாகத் தர வேண்டாம். தினமும் கோயிலுக்கு வருகிறவர்களுக்குப் பால் பாயசமாகக் கொடு. கடன் தீரும் வரை கொடு” என்றாராம். இன்றும் பாயசம் கொடுக்கப்படுகிறது.

இது கதை. ஆனால் கதையில் வரும் கணக்கு உண்மை. ஒரு மணிகூடத் தவறு இல்லை.

அந்த எண் இதுதான்

64 கட்டத்துக்கும் சேர்த்து வரும் எண் இது:

1,84,46,74,40,73,70,95,51,615

இதை எப்படிப் படிப்பது? கோடிக்கு ஏழு பூஜ்யம் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் வலது பக்கத்திலிருந்து ஏழு ஏழு இலக்கமாகப் பிரியுங்கள். கடைசி ஏழு இலக்கம் 95,51,615. அதற்கு முந்தைய ஏழு 44,07,370. அது கோடிக் கணக்கு. மீதி இருப்பது 1,84,467. அது கோடி கோடிக் கணக்கு.

ஆகவே இப்படிப் படிக்கலாம்: ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து.

ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். பயம் போய்விடும்.

இவ்வளவு மணிகளை எண்ண முடியுமா? திருமலையில் உண்டியல் பணத்தை எண்ணுவதற்குப் பரகாமணி என்று பெயர். பலர் உட்கார்ந்து எண்ணுவார்கள். அங்கே பலர் சேர்ந்தால் எண்ணி முடியும். ஆனால் இந்த அரிசியை ஒருவர் விநாடிக்கு ஒரு மணி வீதம், தூங்காமல் எண்ணினால் 58,000 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். இந்தப் பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுதான். உலகத்தில் உள்ள 800 கோடிப் பேரும் சேர்ந்து இரவு பகலாக எண்ணினாலும் எழுபது ஆண்டுக்கு மேல் ஆகும்.

தெலுங்கில் பாடி வைத்த எண்

இந்த எண்ணைக் கணக்கிட்டு, ஆந்திர நாட்டில் ஒருவர் செய்யுளாகவே எழுதி வைத்தார். அவர் பெயர் பாவுலூரி மல்லனா. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பார்கள். ராஜமுந்திரியில் இருந்து ஆண்ட இராஜராஜ நரேந்திரன் காலத்தவர் என்று தெலுங்கு இலக்கிய வரலாறு சொல்கிறது. இந்த அரசன் யார் தெரியுமா? நம் சோழ அரசன் முதலாம் இராசேந்திரனின் மருமகன்.

அந்தக் காலத்தில் கணித நூல்கள் பெரும்பாலும் வடமொழியில் இருந்தன. 9ஆம் நூற்றாண்டில் மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் வடமொழியில் ஒரு நூல் எழுதினார். மல்லனா அதைத் தெலுங்கில் தந்தார். வணிகரும் உழவரும் பேசும் மொழியில் கணக்கு வந்தது.

சதுரங்கக் கட்டத்தின் எண்ணை அவர் எப்படி எழுதினார்? இலக்கங்களாக எழுதவில்லை. சொற்களாக எழுதினார். சந்திரன் என்றால் 1, ஏனெனில் சந்திரன் ஒன்றுதான். நெருப்பு என்றால் 3. வேதம் என்றால் 4. மன்மதனின் அம்பு என்றால் 5. மலை என்றால் 7. யானை என்றால் 8, திசை யானைகள் எட்டு என்பதால். ஆகாயம் என்றால் பூஜ்யம், அங்கே ஒன்றும் இல்லை என்பதால்.

இந்தச் சொற்களை ஒன்றின் இடத்திலிருந்து தொடங்கி அடுக்கினார். இந்த எண்ணின் கடைசி இலக்கம் 5. எனவே செய்யுள் அம்பில் தொடங்குகிறது. எண்ணின் முதல் இலக்கம் 1. எனவே அடுக்கு சந்திரனில் முடிகிறது. இடையில் மலையும் கடலும் யானையும் வானமும் வருகின்றன. இருபது இலக்கமும் சரியாக இருக்கின்றன.

ஏன் இப்படிச் செய்தார்கள்? ஓலையைப் பார்த்து எழுதும்போது ஓர் இலக்கம் மாறிப் போகலாம். பாட்டில் ஒரு சொல் மாறினால் ஓசை கெட்டுவிடும். பிழை உடனே தெரிந்துவிடும். மனப்பாடம் செய்வதும் எளிது. காகிதமும் கணக்குப் பொறியும் இல்லாத காலத்தில் இவ்வளவு பெரிய எண்ணைப் பிழையில்லாமல் காத்தார்கள்.

இன்றும் இந்த எண் வேலை செய்கிறது. கணினிகளும் கைபேசிகளும் எண்களை இரண்டு குறிகளால்தான் எழுதுகின்றன. பூஜ்யம் ஒன்று, ஒன்று மற்றொன்று. இப்படி 64 இடங்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் மல்லனா பாடிய இதே எண்தான்.

எண்ணின் குணங்கள்

ஆட்களுக்குக் குணம் இருப்பது போல எண்களுக்கும் குணம் உண்டு. இந்த எண்ணின் சில குணங்களைப் பார்ப்போம்.

மூன்றால் வகுபடும். கட்டங்களை இரண்டிரண்டாகச் சேருங்கள். ஒன்றும் இரண்டும் மூன்று. நான்கும் எட்டும் பன்னிரண்டு. பதினாறும் முப்பத்திரண்டும் நாற்பத்தெட்டு. ஒவ்வொரு ஜோடியும் மூன்றால் மீதியின்றி வகுபடுகிறது. ஆகவே மொத்தமும் வகுபடும். வேறு விதமாகவும் சரி பார்க்கலாம். இருபது இலக்கங்களையும் கூட்டுங்கள். 87 வரும். 87 மூன்றால் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டால் எண்ணும் வகுபடும்.

ஐந்தால் வகுபடும். கடைசி இலக்கம் 5 அல்லவா?

பதினேழால் வகுபடும். முதல் வரிசையில் 255 மணி. அது 15 பெருக்கல் 17. அடுத்த ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைப் போல 256 மடங்கு. எனவே எல்லா வரிசைகளும் 17ஆல் வகுபடும்.

பாதிப் பலகைக்கும் முழுப் பலகைக்கும் ஓர் உறவு உண்டு. முதல் பாதியின் அரிசியை 4,29,49,67,297 என்ற எண்ணால் பெருக்கினால் முழுப் பலகையின் அரிசி வரும். இந்த எண்ணை வேறு எதனாலும் வகுக்க முடியாது என்று பிரான்ஸ் நாட்டின் ஃபெர்மா என்ற பெரிய கணித மேதை 17ஆம் நூற்றாண்டில் நம்பினார். 1732இல் ஆய்லர் என்ற மற்றொரு மேதை அது 641ஆல் வகுபடும் என்று காட்டினார். பெரியவர் சொன்னார் என்பதற்காகக் கணக்கு மாறிவிடாது. போட்டுப் பார்த்தவர் சொன்னதுதான் நின்றது.

எல்லாவற்றிலும் முக்கியமான குணம் இனிமேல்தான் வருகிறது.

கடைசிக் கட்டம் எப்போதும் பெரிது

ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் 3. அடுத்த கட்டம் 4. ஒன்று, இரண்டு, நான்கு சேர்ந்தால் 7. அடுத்த கட்டம் 8. எட்டையும் சேர்த்தால் 15. அடுத்த கட்டம் 16. எங்கே நிறுத்தினாலும் அடுத்த கட்டத்தில் இருப்பது, அதற்கு முன்னால் உள்ள எல்லாக் கட்டங்களின் கூட்டை விட ஒன்று அதிகம்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பல குடும்பங்களின் சேமிப்பு இதில்தான் இருக்கிறது.

சில பேர் வீடு தேடி வருவார்கள். “நீங்கள் பணம் கட்டுங்கள். இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள். அவர்கள் ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்ப்பார்கள். உங்களுக்குப் பணம் கொட்டும்” என்பார்கள். சேர்ந்த ஒருவர் புது மோட்டார் சைக்கிளைக் காட்டுவார். அதுவும் உண்மையாகவே இருக்கலாம்.

இப்போது சதுரங்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் ஒருவர். இரண்டாவதில் இருவர். பிறகு நால்வர். பத்தாம் வரிசையில் 512 பேர். அவர்களுக்கு மேலே இருப்பவர்கள் மொத்தம் 511 பேர். எப்போது திட்டம் நின்றாலும், கடைசி வரிசையில் இருப்பவர்கள் பாதிக்கு மேல். அவர்களுக்குக் கீழே ஆள் இல்லை. பணம் கட்டினார்கள், திரும்ப வரவில்லை. நடத்துகிறவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. கணக்கே அப்படித்தான்.

எப்போதாவது நின்றுதான் ஆக வேண்டுமா? ஆம். 31 வரிசை நிரம்ப 214 கோடிப் பேர் வேண்டும். இந்தியாவின் மக்கள் தொகை 2023இல் 140 கோடியைத் தாண்டியிருந்தது. பிறந்த குழந்தை வரை எல்லாரையும் சேர்த்தாலும் போதாது. வாரத்துக்கு ஒரு வரிசை நிரம்பினால் ஏழு மாதத்தில் நாடு முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட பணச் சுழற்சித் திட்டங்களை நடத்துவதையும் அவற்றுக்கு ஆள் சேர்ப்பதையும் 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. பதிவு செய்த சீட்டு நிறுவனம் வேறு. அதற்கு 1982ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அங்கே மாதாமாதம் கட்டுகிற பணத்தையே உறுப்பினர்கள் முறை வைத்து எடுக்கிறார்கள். புது ஆள் பிடிக்க வேண்டியதில்லை.

வட்டி குட்டி போடும்

கடனுக்கு வருவோம். ஒருவர் 1,000 ரூபாய் கடன் வாங்குகிறார். மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி. பத்து ஆண்டாக அவர் ஒன்றும் கட்டவில்லை.

முதல் வகைக் கணக்கு: வட்டிக்கு வட்டி கிடையாது. மாதம் 30 ரூபாய். 120 மாதத்துக்கு 3,600 ரூபாய். அசலோடு 4,600 ரூபாய். இது அலிபிரிப் படியில் ஒன்று ஒன்றாகக் கூட்டிய கணக்கு. இதற்குத் தனி வட்டி என்று பெயர்.

இரண்டாம் வகைக் கணக்கு: கட்டாத வட்டி அந்த மாதமே அசலில் சேர்கிறது. அடுத்த மாதம் அதற்கும் வட்டி. இரண்டு ஆண்டில் 1,000 ரூபாய் 2,033 ஆகும். நான்கு ஆண்டில் 4,132. ஆறு ஆண்டில் 8,400. எட்டு ஆண்டில் 17,076. பத்து ஆண்டில் 34,711 ரூபாய். இது சதுரங்கப் பலகைக் கணக்கு. இதற்குக் கூட்டு வட்டி என்று பெயர்.

அதே கடன். அதே வட்டி வீதம். ஒன்று 4,600. மற்றொன்று 34,711. பத்திரத்தில் ஒரே ஒரு வரிதான் வித்தியாசம்.

கடன் எப்போது இரண்டு மடங்காகும் என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. 72ஐ வட்டி வீதத்தால் வகுக்க வேண்டும். மாதம் 3 வட்டி என்றால், 72ஐ 3ஆல் வகுத்தால் 24. ஆகவே 24 மாதத்தில் இரண்டு மடங்கு. மாதம் 10 வட்டி என்றால் ஏழு மாதம் கடந்ததும் இரண்டு மடங்கு. இது ஏறத்தாழச் சரியாக வரும்.

கை நாட்டு வைத்த காலத்தில் அடுத்தவர் படித்துச் சொன்னதைக் கேட்டுக்கொண்டோம். இப்போது நாமே படிக்கலாம். கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். வட்டி மாதத்துக்கா, ஆண்டுக்கா? கட்டாத வட்டி அசலில் சேருமா? சேர்ந்தால் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை சேரும்? பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள்.

இதே கணக்கு நமக்கு நன்மையும் செய்யும். வங்கியிலோ தபால் அலுவலகத்திலோ போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 6 வட்டி என்று வையுங்கள். வட்டியை எடுக்காமல் விட்டால் 12 ஆண்டில் பணம் இரண்டு மடங்காகும். மகள் பிறந்தபோது போட்ட பணம் அவளுக்கு 24 வயதாகும்போது நான்கு மடங்கு. சேமிப்பில் ஏறும் படி மெதுவானது. ஆனால் அது நம் வீட்டுக்கு வரும் படி.

ஏழுமலையான் தன் திருமணத்துக்குக் குபேரனிடம் கடன் வாங்கினார், உண்டியல் காணிக்கை அந்தக் கடனின் வட்டிக்குப் போகிறது என்று பக்தர்கள் சொல்வார்கள். அம்பலப்புழைக் கதையில் கடவுள் கடன் கொடுத்தவர். திருமலைக் கதையில் கடவுள் கடன் வாங்கியவர். இரண்டு கதையிலும் கடன் தீரவே இல்லை. கடன் எப்படி வளரும் என்பதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். அவர்கள் கதையாகச் சொன்னதை நாம் கணக்காகவும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு பலகையிலோ தாளிலோ எட்டுக் கட்டம் போடுங்கள். பிள்ளைகளைக் கூட்டி வைத்து 1, 2, 4, 8 என்று அரிசி வையுங்கள். எட்டாம் கட்டத்தில் 128 மணி இருக்கும். மற்ற ஏழு கட்டத்தையும் எண்ணச் சொல்லுங்கள். 127 வரும். பிறகு அந்த அரிசியை உலையில் போட்டுவிடுங்கள். கணக்கு மனத்தில் நிற்கும்.